ஜமுனாமரத்தூர் புளிக் கொட்டகையில் ஐந்து நாள்

என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பி வைத்தது புளிதான்.

எழுபதுகளின் கடைசி அது. அம்பத்தூரில் ஊறுகாயும் புளிக் கரைசலும் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஓர் ஆலையில் நான் பரிசோதனைக்கூட உதவியாளராக இருந்தேன். அந்தப் பங்குனியில் மலையிலிருந்து வந்த புளி மூட்டைகளைத் திறந்தால், ஒன்று கறுத்துக் கிடந்தது, ஒன்று கசிந்து சாக்கெல்லாம் ஒட்டியிருந்தது, இன்னொன்றில் கொட்டையோடு கூழாங்கல்லும் கிடந்தது. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள்.

"நீ போய் அங்க வேலை செய்யறவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வாம்மா" என்றார் எங்கள் மேலாளர். "வெள்ளிக்கிழமை லாரியில சரியான சரக்கு வந்தா அவங்ககிட்டயே வாங்கலாம். இல்லேன்னா வேற இடம் பார்க்க வேண்டியதுதான்."

எனக்கு இருபத்தேழு வயது. சென்னையை விட்டுத் தனியாக எங்கும் போனதில்லை. அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் புளியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்த ஆலையில் வேறு யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்போடுதான் திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியதும் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி பறந்தது. யாரும் பதறவில்லை. ஆண்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். டிரைவர் தகர டின்னோடு ஓடைப்பக்கம் போனார். பக்கத்து சீட்டுப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வறுத்த புளியங்கொட்டை ஒரு கை எனக்குக் கொடுத்தாள்.

"மெல்லும்மா. வண்டி ஆறி வர்றதுக்குள்ள தீந்துரும்" என்றாள்.

சென்னையில் பஸ் பத்து நிமிஷம் நின்றால் கண்டக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். இங்கே வண்டிக்கும் ஓர் இளைப்பாறல் தேவை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் ஊற்றிக் கிளப்பியபோது பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. கூரையிலிருந்து ஏதோ தடாலென்று விழுந்த சத்தம். இறங்கிப் பார்த்தேன். புளியிலுள்ள ஈரத்தைக் கண்டுபிடிக்க நான் கொண்டுவந்த மின்சாரச் சூட்டுப்பெட்டி தார் ரோட்டில் குப்புறக் கிடந்தது. கதவு தனியாக, உள்ளே இருந்த சுருள்கம்பி தனியாக. கண்டக்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ரேடியோவா?" என்று வருத்தத்தோடு கேட்டார். மடியில் வைத்திருந்த சின்னத் தராசும் எடைக்கற்களும் மட்டும் பிழைத்தன.

ஜமுனாமரத்தூரில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. நாலைந்து கடைகள், ஓர் ஆபீஸ், சந்தைத் திடல். பங்குனியிலும் காற்று சில்லென்று இருந்தது. பஸ் நிற்குமிடத்தில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய் வீட்டில் எனக்கு ஓர் அறை ஏற்பாடாகியிருந்தது. அவர் மனைவி என் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "தனியாவா வந்தே?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "நல்லது" என்று சொல்லி சூடாக டீ கொடுத்தார். இதை அம்மாவுக்குக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

புளிக் கொட்டகை ஊர்க்கோடியில். பொழுது சாய்வதற்குள் அங்கே போனேன். முதலாளி ஏகாம்பரம் செங்கத்தில் மண்டி வைத்திருப்பவர்; கொட்டகைக்கு வாரம் இரண்டு தடவை மேலே வருவார், அந்த வாரம் மட்டும் லாரிக்காக இங்கேயே தங்கியிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் கடிகாரம், எதையும் தொடாமல் நடக்கிற நடை.

"நீங்க அதிகம் சிரமப்படாதீங்க மேடம்" என்றார். "இன்னா செய்யணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் கீழேயிருந்து பத்தாவது படிச்ச ஆளுங்களா இட்டாரேன். இப்ப கீற பொம்பளைங்களுக்கு எழுத்தே தெரியாது. அதுங்கள நிறுத்திடப் போறேன்."

கொட்டகைக்குள் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து இரும்புத் தடியால் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சுற்றுப்புற மலைக் கிராமத்துக்காரர்கள். சாமையும் கேழ்வரகும் அறுத்து முடித்த பிறகு, இந்த மூன்று மாத வேலைதான் அவர்களுக்கு. முதலாளி பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டுகிற சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

நான் ஆலைக்காகப் போனவள். யாரை வைத்துக்கொள்வது, யாரை நிறுத்துவது என்பது என் வேலையில்லை. ஆனால் எனக்கு ஒன்று தெரியும். புளியையே தொடாத ஆளைக் கொண்டுவந்து பழக்க இரண்டு பருவம் ஆகும். இவர்களுக்கு வேண்டியது மூன்றே மூன்று விஷயம்: புளி கறுக்கக்கூடாது, கல்லும் நாரும் கலக்கக்கூடாது, ஈரம் மிஞ்சக்கூடாது. அதைத்தான் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இவங்களை என்கிட்ட விடுங்க சார். லாரியில ஏத்தற சரக்கு என் பரிசோதனையில தேறிச்சுன்னா இவங்களே இருக்கட்டும்."

"தேறலேன்னா?"

"அப்புறம் உங்க இஷ்டம்."

அவர் சிரித்தார். "சரி, பாருங்க."

பன்னிரண்டு பேரின் வேலையைப் பணயம் வைத்துப் பேசிவிட்டேன் என்பது காதர் பாய் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. கையில் சூட்டுப்பெட்டிகூட இல்லை.

மறுநாள் காலையில் பாடம் தொடங்கினேன். நல்ல தமிழில், ஆலையில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதுபோல, புளியில் உள்ள அமிலம், இரும்பு, நிறமாற்றம் என்று அரை மணி நேரம் பேசினேன். பன்னிரண்டு பேரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெண் எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தழும்பேறிய விரல்கள். பெயர் வெள்ளச்சி.

"டீச்சரம்மா, இரும்புத் தடியால தட்டுனா புளி கறுத்துப் போவும். அதானே சொல்றீங்க?"

"ஆமா."

"அது எங்களுக்குத் தெரியுங்க. எங்க வூட்டுல புளிய இரும்புச் சட்டில போட மாட்டோம். மரக் கொட்டாப்புளி வேணும்னு போன வருசமே கேட்டோம். தடியால தட்டுனாத்தான் வேகமா ஆவும்னு முதலாளி சொல்லிட்டாரு."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அரை மணி நேரம் நான் பேசியதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு முகம் சுட்டது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள். பாடம் அப்போதுதான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

"மரத்துல யாரு செஞ்சு குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஆம்பளைங்க எதுக்குக் கீறாங்க?" என்றாள் வெள்ளச்சி.

அடுத்த நாள் விடிந்ததும் பன்னிரண்டு கொட்டாப்புளிகள், கைப்பிடி வைத்த மரச் சுத்தியல்கள், வந்துவிட்டன. எல்லாம் புளியமரத்திலேயே செதுக்கியவை. ஏகாம்பரம் ஒன்றைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று காலை வேலை மெதுவாகத்தான் நடந்தது. மத்தியானத்துக்கு மேல் கை பழகிவிட்டது. ஒரே அடியில் ஓடு விண்டு, கொட்டை நசுங்காமல் பிதுங்கி வந்தது. இரும்புத் தடி கொட்டையை உடைத்துச் சதையில் பதித்துவிடும். அதைப் பொறுக்கி எடுக்கும் வேலை இப்போது இல்லை.

மத்தியானச் சாப்பாடு எனக்கும் அவர்களோடுதான். சாமைச் சோறு, கொள்ளு அரைத்து ஊற்றிய குழம்பு. சாமைச் சோற்றை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. முதல் வாய் மணல்போல் இருந்தது. மூன்றாவது வாயில் பிடித்துப்போனது. சென்னையில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே நாங்கள் முணுமுணுப்போம். இங்கே ஒருத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்க ஊர்ல எல்லாரும் புளிய டப்பாலதான் திம்பாங்களா?" என்று கேட்டாள். டப்பா வெளிநாட்டுக்கு என்றேன். "அவங்களுக்கு மரம் கெடையாதா?" என்றாள். கிடையாது என்றதும், பாவம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இரும்பு விஷயம் முடிந்தது. கல்லும் நாரும் கண்ணால் தீர்க்கிற விஷயம். கஷ்டமானது ஈரம். எங்கள் ஆலையில் நூறு கிராம் புளியில் இருபது கிராமுக்கு மேல் தண்ணீர் இருந்தால் எடுக்க மாட்டார்கள். புளியைக் காய வைத்து, முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு ஈரம் என்று தெரிந்துவிடும். காய வைக்கத்தான் பெட்டி இல்லை. நேரடியாக அடுப்பில் வைத்தால் புளி கருகிவிடும்.

பாடம் தொடங்கிய நாள் காலையில் காதர் பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே இதற்கு வழி கிடைத்திருந்தது. அவருடைய பெரிய இட்லிக் குண்டானில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியின் மேல் அவர் ஒரு தட்டை வைத்து ரொட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். ரொட்டி தீயவே இல்லை. கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் வைத்த தட்டு ஓர் அளவுக்கு மேல் சூடாகாது. படித்த விஷயம்தான். டீ கையில் இருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பாய், இந்தக் குண்டான் எனக்கு மூணு நாள் வேணும்."

"இட்லிய நிறுத்திட்டா ஜனங்க என்னைய நிறுத்திடுவாங்களேம்மா" என்றார். பிறகு அவராகவே வழி சொன்னார். "காலைல எட்டு மணிக்கு இட்லி முடிஞ்சிரும். அதுக்கப்புறம் சாயந்தரம் வரைக்கும் நீங்க வெச்சுக்கோங்க. வெறகு நம்ம பொறுப்பு."

எவர்சில்வர் தட்டில் புளியை மெல்லிசாகத் தடவி ஆவியின் மேல் வைப்பது, மணிக்கொரு தரம் எடை பார்ப்பது, எடை குறைவது நின்றதும் கணக்குப் போடுவது. டீ குடிக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "பாய், இது இன்னா புது பலகாரம்?" என்று கேட்டார்கள். "மெட்ராஸ் பலகாரம். திங்கறதுக்கு ஒரு நாள் ஆவும்" என்றார் அவர்.

ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு நாள் காத்திருக்க முடியாது. நான் போன பிறகு தராசும் இருக்காது. கையே தராசாக வேண்டும். மூன்றாம் நாள், கொட்டாப்புளி வந்த அன்று சாயங்காலம், அதைத்தான் செய்தோம். எவ்வளவு ஈரம் என்று எனக்குத் தெரிந்த மூன்று வகைப் புளியை மூன்று முறத்தில் வைத்தேன். ஒவ்வொருவரும் எலுமிச்சை அளவு எடுத்து, இறுக்கிப் பிடித்து, கையை விரித்துப் பார்க்க வேண்டும். ஈரப் புளி உள்ளங்கையில் அப்பிக்கொண்டது. அதிகம் காய்ந்தது வெடித்துப் பிளந்தது. சரியானது விரல் பதிந்த இடத்தில் மெல்ல உப்பி எழுந்தது.

"பஞ்சு மாதிரி மூச்சு விடுது டீச்சரம்மா" என்றாள் வெள்ளச்சி.

எட்டுப் பேருக்கு அது பிடிபட்டது. நான்கு பேருக்கு எத்தனை தடவை பிடித்தும் வரவில்லை. அவர்களைக் கல், நார் பார்க்க வைத்தோம். அதில் ஒருத்தி கடுகளவு கல்லையும் விடவில்லை.

நாலாம் நாள் சந்தை. காலையிலேயே திடல் நிரம்பிவிட்டது. தேன், கடுக்காய், பலாப்பிஞ்சு, மண்சட்டி, கண்ணாடி வளையல். காவலூரிலிருந்து வந்த ஒருவர் மிளகாய்க்குப் பேரம் பேசிக்கொண்டே, அங்குள்ள வானாய்வு நிலையத்துப் பெரிய தொலைநோக்கியில் சந்திரனைப் பார்த்ததாகச் சொன்னார். மிளகாய்க்காரி மசியவில்லை. நான் அம்மாவுக்கு ஒரு பாட்டில் தேன் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினேன். சந்தை நாளில் யாரும் வேலைக்கு வர மாட்டார்கள் என்று ஏகாம்பரம் சொல்லியிருந்தார். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

அன்று வெள்ளச்சிக்கு ஒரு சோதனை வைத்தேன். பத்து முறங்களில் பத்து வகைப் புளி. எதில் எவ்வளவு ஈரம் என்பதை எழுதி மடித்து ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து, போகும், போகாது என்று பிரித்தாள். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பது சரி. ஒன்று தப்பு.

வெள்ளச்சி தப்பான அந்த முறத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை பிடித்தாள். "மொதல்ல இதத்தான் பிடிச்சேன். அப்ப கை கழுவிட்டு வந்து ஜில்லுன்னு இருந்திச்சி. இப்ப தெரியுது, இது ஈரந்தான். கை சூடான பொறவுதான் பிடிக்கணும்" என்றாள்.

எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஏகாம்பரம் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எழுத்துத் தெரியாததற்கும் அவர்களே வழி கண்டார்கள். ஒரு மூட்டை தேறினால் அதன் வாயை வெள்ளச்சி இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். முடிச்சு இல்லாத மூட்டை கொட்டகையை விட்டுப் போகக்கூடாது. அன்று சாயங்காலம் இருபத்திரண்டு மூட்டைகள் முடிச்சோடு சுவர் ஓரமாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் நான் எடுத்து வைத்திருந்த மாதிரிகளைக் கலந்து காதர் பாயின் குண்டானில் விடியும் வரை வைத்துப் பார்த்தேன். ஈரம் அளவுக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து நின்றது. ஏற்றத் தொடங்கும்போது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பங்குனியில் இப்படி ஒரு மழையை நான் எதிர்பார்க்கவில்லை. காற்று கூரைத் தகரம் ஒன்றைத் தூக்கியடித்தது. பத்து நிமிஷம்தான் பெய்தது. பெண்கள் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழை விட்டபோது பத்தொன்பது மூட்டைகள் காய்ந்திருந்தன. சுவர் மூலையில் இருந்த மூன்று நனைந்திருந்தன.

"மேலாலதான் நனைஞ்சிருக்கு. ஏத்துங்க" என்றார் ஏகாம்பரம்.

வெள்ளச்சி இரண்டு கைகளையும் சேலையில் துடைத்து, தேய்த்துச் சூடாக்கினாள். முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டாள். ஒரு பிடி எடுத்து இறுக்கி விரித்தாள். அடுத்த மூட்டை. அதற்கடுத்தது. பிறகு மூன்றையும் முடிச்சுப் போடாமல் விட்டு நிமிர்ந்தாள்.

"இது மூணும் போவாதுங்க."

"இன்னா போவாது? லாரி நிக்குது. காய்ஞ்ச மூட்டைக்கு நடுவுல வெச்சா யாருக்குத் தெரியும்? ஏத்துங்கடா!"

"தண்ணி உள்ள எறங்கிருச்சிங்க. இது ஒண்ணு போனா மத்ததையும் கெடுத்துடும்."

"நீ யாருடி அதச் சொல்றதுக்கு?"

சுமை தூக்குகிறவர்கள் மூட்டையில் கை வைத்தபடி நின்றுவிட்டார்கள். வெள்ளச்சி மூட்டைக்கு முன்னாலிருந்து நகரவில்லை.

"முடிச்சுப் போட்டவ நானுங்க. மெட்ராசுல அவுத்துப் பாத்துட்டு என் கையத்தான் சொல்லுவாங்க. எங்க பன்னெண்டு பேரு கையயும் சொல்லுவாங்க."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க சொல்லுங்க."

மூன்று மூட்டை குறைந்தால் மேலாளர் என்ன சொல்வாரோ தெரியாது. சரக்கு பற்றாது என்று மொத்தத்தையும் திருப்பினாலும் திருப்புவார். வாக்குக் கொடுத்தவள் நான். ஆனால் அவள் செய்ததைத்தான் நான் நான்கு நாளாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இப்போது மாற்றிச் சொன்னால் அந்த நான்கு நாளும் வீண்.

"தரம் பார்க்கறது அவங்க சார். அவங்க சொன்னதுதான்" என்றேன்.

அவர், நான் வந்த நாளிலிருந்து பார்க்காத ஒன்றைச் செய்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, மூட்டைக்குள் கையை விட்டார். ஒரு பிடி எடுத்து இறுக்கினார். கையை விரித்தபோது புளி உள்ளங்கையில் அப்பியிருந்தது. உதறிப் பார்த்தார். விழவில்லை.

"அந்த மூணையும் ஓரமா வைங்க" என்றார் சுமை தூக்குகிறவர்களிடம். பிறகு வெள்ளச்சி பக்கம் திரும்பாமலே, "வெயில் வந்ததும் பிரிச்சுக் காயப்போடச் சொல்லு. அடுத்த லோடுல பாக்கலாம். நாளைக்கி எல்லாரும் சீக்கிரம் வந்துடுங்க" என்றார்.

அடுத்த லோடு, நாளைக்கு. அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் பன்னிரண்டு பேரும் ஐந்து நாளாகக் காத்திருந்தார்கள். ஒருத்தி கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

நான் அன்று மத்தியான பஸ்ஸிலேயே மலை இறங்கினேன். காதர் பாய் மனைவி ரொட்டி கட்டிக் கொடுத்தார். வெள்ளச்சி வேலையை விட்டு வரவில்லை. கொட்டகை வாசலிலிருந்து, "போய்ட்டு வாங்க டீச்சரம்மா!" என்று கத்தினாள். சென்னையில் இறங்கியதும் வியர்வையும் இரைச்சலும் மேலே வந்து விழுந்தன. வீட்டில் அம்மா தேனை நக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் எப்போது போவாய் என்று கேட்டாள்.

திங்கட்கிழமை லாரிச் சரக்கைப் பிரித்தோம். பத்தொன்பது மூட்டைகளிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்து, ஆலையின் நல்ல சூட்டுப்பெட்டியிலேயே வைத்துப் பார்த்தேன். நிறம் செம்பழுப்பு. கல் இல்லை. ஈரம் எல்லாவற்றிலும் அளவுக்குள்.

மேலாளர் நான் நிரப்பிய பரிசோதனைப் படிவத்தைக் கையில் எடுத்தார். "இருபத்திரண்டுன்னு போன்ல சொன்னாங்களே, மூணு எங்கே?"

"மழையில நனைஞ்சது சார். அவங்களே நிறுத்திட்டாங்க."

"யாரு, முதலாளியா?"

"இல்ல சார். அங்க வேலை செய்யற அம்மா."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தின் அடிப்பகுதிக்குப் போனார். 'தரம் பார்த்தவர்' என்ற இடத்தில் எப்போதும் எங்கள் பரிசோதனைக்கூடத்து ஆட்களின் பெயர்தான் இருக்கும். அங்கே நான், 'வெள்ளச்சி, ஜமுனாமரத்தூர்' என்று எழுதியிருந்தேன்.

"இவங்க நம்ம ஆள் இல்லையேம்மா."

"இல்ல சார். ஆனா பார்த்தது இவங்கதான்."

அவர் பேனாவைத் திறந்தார். அடித்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.